எஸ்3 கோடு போட்டால் எஸ்4 ஓட வேண்டும்: பிரிகேடில் வழங்கல் திட்டமிடல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணுவ பிரிகேட் ஒன்றின் தலைமையகத்தில் சாப்பாடு, தண்ணீர், டீசல், குண்டு, உதிரிபாகம் இவற்றையெல்லாம் யார் கணக்குப் போடுகிறார்கள், யார் அனுப்புகிறார்கள், அதில் எங்கே சண்டை வருகிறது என்று கேட்பவர்களுக்கான பக்கம் இது. அமெரிக்க ராணுவத்தின் அமைப்பையே சட்டகமாக எடுத்திருக்கிறேன். அவர்களுடைய கையேடுகள் பொதுவில் கிடைக்கின்றன, எஸ்3 (நடவடிக்கை), எஸ்4 (வழங்கல்) என்று அதிகாரிகளை எண்ணால் குறிக்கும் அவர்கள் முறையைப் பல நாட்டு ராணுவங்களும் பின்பற்றுகின்றன.

பிரிகேட் என்றால் எத்தனை பேர்? வழங்கல் அவ்வளவு பெரிய வேலையா?

நாட்டுக்கு நாடு மாறும். மூவாயிரத்திலிருந்து ஐயாயிரம் பேர் என்று வைத்துக்கொள்ளலாம். நடுவில் 4,000 என்று எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அமெரிக்கப் படையின் பொட்டலச் சாப்பாடான எம்ஆர்இ, ஒரு பெட்டிக்கு 12 வரும். மூன்று வேளையும் அதுவே என்றால் ஒரு பெட்டி நான்கு பேருக்கு ஒரு நாள். ஆக 4,000 பேருக்கு நாளொன்றுக்கு 1,000 பெட்டி. ஒரு பலகை அடுக்கில் 48 பெட்டி. அப்படியானால் தினமும் 21 அடுக்கு. தண்ணீர் ஆளுக்குப் பத்து லிட்டர் என்று வைத்தாலே 40 டன்.

இதெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது. சண்டை தொடங்கினால் சாப்பாடு கடைசிக் கவலையாகிவிடும். 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டு ஒன்று சுமார் 45 கிலோ. 18 பீரங்கிகள், ஒவ்வொன்றும் ஒரு நாளில் நூறு குண்டு சுட்டால் 1,800 குண்டு, 81 டன். உந்துமருந்தும் ஃபியூஸும் இதில் சேரவில்லை.

எஸ்1, எஸ்2 என்கிறார்களே, அவர்கள் யார் யார்?

பிரிகேடிலும் அதன் உட்பிரிவான பட்டாலியனிலும், தளபதிக்கு உதவும் தலைமையக அதிகாரிகளான ஸ்டாஃப் அதிகாரிகளுக்கு எஸ் என்ற எழுத்து. பிரிகேடுக்கு மேலே உள்ள டிவிஷனிலிருந்து ஜி, முப்படைக் கூட்டுத் தலைமையகத்தில் ஜே. எண் மட்டும் மாறாது. 1 என்றால் ஆள்கணக்கு, 2 உளவுத் தகவல், 3 நடவடிக்கை, 4 வழங்கல், 6 தகவல் தொடர்பு, 9 பொதுமக்கள் விவகாரம். முதல் உலகப் போரில் பெர்ஷிங் தலைமையில் பிரான்ஸுக்குப் போன அமெரிக்கப் படை, பிரெஞ்சு ராணுவத்தைப் பார்த்து எடுத்துக்கொண்ட முறை இது.

இவர்கள் அனைவரையும் மேய்ப்பவர் எக்ஸ்ஓ, அதாவது பிரிகேடின் எக்ஸிக்யூட்டிவ் ஆஃபீசர். 'மேய்ப்பவர்' என்று யோசித்துத்தான் எழுதினேன்.

எஸ்4 இருக்கும்போது எஸ்பிஓ எதற்கு? இரண்டும் ஒரே வேலைதானே?

அதிகம் குழப்பும் கேள்வி இதுதான். உள்ளே இருப்பவர்களே குழம்புவார்கள்.

எஸ்4, பிரிகேட் தளபதியின் ஸ்டாஃப் அதிகாரி. யாருக்கு என்ன, எவ்வளவு, எப்போது தேவை என்று கண்டுபிடிப்பதும், யாருக்கு முதலில் என்ற முன்னுரிமையைத் தளபதியின் பெயரால் எழுதுவதும் அவர் வேலை. எஸ்பிஓ, அதாவது சப்போர்ட் ஆபரேஷன்ஸ் ஆஃபீசர், பிரிகேடுக்கு வழங்கல் செய்யும் பிரிகேட் சப்போர்ட் பட்டாலியனில் இருப்பவர். கையில் இருக்கும் லாரி, டேங்கர், கிரேன், பழுதுபார்க்கும் ஆட்களை வைத்து அந்தத் தேவையை எப்படி நிறைவேற்றுவது என்று திட்டம் போடுவது அவர் பாடு. இருவரும் பெரும்பாலும் மேஜர்கள். ஒருவர் மற்றவருக்கு உத்தரவு போட முடியாது.

அதோடு இருவரும் ஒரே இடத்தில் இருப்பதும் இல்லை. எஸ்4 பிரிகேடின் முதன்மைக் கட்டளை மையத்தில், எஸ்3-க்குப் பக்கத்து மேசையில் இருப்பார். எஸ்பிஓ பல கிலோமீட்டர் பின்னால், பிரிகேடின் வழங்கல் பகுதியில்.

சிக்கல் எப்படி வரும் என்றால், ஒரு பட்டாலியனின் எஸ்4 அவசரத்தில் நேராக எஸ்பிஓவைக் கூப்பிட்டு "ரெண்டு டேங்கர் வேணும்" என்பார். எஸ்பிஓ நல்ல மனிதர், அனுப்பிவிடுவார். பிரிகேட் எஸ்4-க்குத் தெரியாது. அவர் அதே இரண்டு டேங்கரை மறுநாள் முன்னணியில் தாக்கப்போகும் பட்டாலியனுக்கு ஒதுக்கி எழுதியிருப்பார். இரவு வந்து பார்த்தால் டேங்கர் இல்லை. யார் மீதும் தப்பில்லை, ஆனால் டாங்கி நகராது.

என்னைக் கேட்டால் ஒரே ஒரு கோடு போதும். முன்னுரிமை எஸ்4-உடையது, வண்டியும் நேரமும் எஸ்பிஓவுடையது. முன்னுரிமையை மாற்றும் எந்த வேண்டுகோளும் எஸ்4 வழியாகத்தான் போக வேண்டும். வண்டியை எந்தப் பாதையில் எத்தனை மணிக்கு அனுப்புவது என்பதில் எஸ்4 மூக்கை நுழைக்கக் கூடாது.

இந்திய ராணுவத்திலும் இதே எண்களா?

இல்லை. அங்கே பிரிட்டிஷ் மரபு. பிரிகேட் தலைமையகத்தில் நடவடிக்கைப் பக்கத்தைப் பிரிகேட் மேஜர் பார்ப்பார். ஆள் நிர்வாகம், வழங்கல் இரண்டையும் பார்ப்பவரின் முழுப் பதவிப் பெயர் டெபுட்டி அசிஸ்டென்ட் அட்ஜுடன்ட் அண்ட் குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரல். இதைச் சொல்லி முடிப்பதற்குள் கான்வாய் கிளம்பிவிடும் என்பதால் டிக்யூ என்று சுருக்கிவிட்டார்கள். பெயர் எதுவானாலும், அம்புக்குறி வரைகிறவருக்கும் டீசல் தேடுகிறவருக்கும் நடுவே உள்ள இழுபறி ஒன்றுதான்.

திட்டமிடல் எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது?

மேலிடத்திலிருந்து முன்னறிவிப்பு உத்தரவு வந்த நிமிடமே. அமெரிக்க முறையில் ராணுவ முடிவெடுப்புக்கு ஏழு படிகள்: பணியைப் பெறுதல், அதை அலசுதல், வழிகளை உருவாக்குதல், வழிகளைச் சோதித்தல், ஒப்பிடுதல், தளபதியின் ஒப்புதல், உத்தரவு எழுதுதல். காகிதத்தில் எஸ்4 ஏழிலும் இருக்கிறார். நடைமுறையில் பல இடங்களில் அவரை ஆறாவது படியில்தான் கூப்பிடுகிறார்கள். "வழி முடிவாகிவிட்டது, அதற்கு வழங்கல் பத்தியை எழுதிக் கொடுங்கள்" என்பார்கள். உத்தரவில் நான்காவது பத்தி வழங்கலுக்கானது. அதன் விரிவு எஃப் என்ற இணைப்பில் வரும். அதை எழுதுவதுதான் தன் வேலை என்று எஸ்4-ம் நம்பிவிட்டால் கதை முடிந்தது.

அவர் கட்டாயம் இருக்க வேண்டியது மூன்றாவது, நான்காவது படிகளில். நான்காவதில் வரைபடத்தைச் சுற்றி நின்று, நாம் இதைச் செய்தால் எதிரி என்ன செய்வான், அதற்கு நாம் என்ன செய்வோம் என்று ஆடிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் எஸ்4 வாயைத் திறக்க வேண்டும். "இந்த இடத்துக்கு வரும்போது இரண்டாம் பட்டாலியனின் டாங்கிகளில் டீசல் கால்வாசிதான் இருக்கும்" என்று அங்கே சொன்னால் திட்டம் மாறும். மறுநாள் காலை சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.

நேரத்தைப் பங்குபோடுவதிலும் ஒரு பழைய விதி உண்டு. கையிலிருக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை மேலே இருப்பவர் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு பங்கைக் கீழே இருப்பவர்களுக்கு விட வேண்டும். எல்லோரும் இதை மேற்கோள் காட்டுவார்கள். கடைப்பிடிப்பவர்கள் குறைவு. அதன் வலி முதலில் தெரிவது வழங்கல் ஆட்களுக்குத்தான், ஏனென்றால் தாக்குதல் தொடங்கும் நேரத்துக்கு முன்னாலேயே அவர்கள் வேலை முடிந்திருக்க வேண்டும்.

எஸ்3 தாக்குதல் நேரத்தை இரண்டு மணி நேரம் முன்னே தள்ளினால் என்ன ஆகும்? சின்ன மாற்றம்தானே?

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் உதாரணத்துக்கு.

இரண்டு டாங்கி கம்பெனிகள் (கம்பெனி என்பது பட்டாலியனின் உட்பிரிவு), கம்பெனிக்கு 14 வீதம் 28 டாங்கி. ஒரு ஆப்ராம்ஸ் டாங்கியில் சுமார் 1,900 லிட்டர் பிடிக்கும். ஒவ்வொன்றுக்கும் 1,200 லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது. மொத்தம் 33,600 லிட்டர். டேங்கர் ஒன்றுக்குச் சுமார் 9,500 லிட்டர், ஆக நான்கு டேங்கர். பின்னாலிருந்து 40 கிலோமீட்டர் வர வேண்டும். இரவு, விளக்கு கிடையாது, பாதை மோசம், சராசரி வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர். இரண்டு மணி நாற்பது நிமிடம்.

தாக்குதல் 05:00. டாங்கிகள் 04:00-க்குள் நிரம்பியிருக்க வேண்டும். ஊற்றி முடிக்க இரண்டு மணி நேரம் என்றால் 02:00-க்கு முதல் குழாய் மாட்டியாக வேண்டும். அப்படியானால் கான்வாய் 23:20-க்குக் கிளம்ப வேண்டும். அதற்கு முன் டேங்கர்களை நிரப்பி, சோதித்து, ஓட்டுநர்களுக்கும் காவலுக்கு வருபவர்களுக்கும் பாதையைச் சொல்லிக்கொடுக்க ஒன்றரை மணி நேரம். எஸ்பிஓவுக்கு உறுதியான சொல் 21:50-க்குப் போயாக வேண்டும்.

இப்போது 22:00 மணிக்கு எஸ்3 வரைபடத்தின் முன் நின்று "03:00-க்கே போகலாம்" என்கிறார். பென்சிலால் 05:00-ஐ அடித்து 03:00 என்று எழுத அவருக்கு இரண்டு நொடி. ஆனால் அதற்கான கடைசி நேரம் 19:50-க்கே போய்விட்டது. டேங்கர்கள் பாதி நிரம்பிய நிலையில் 40 கிலோமீட்டர் பின்னால் நிற்கின்றன. கத்தினாலும் அவை வேகமாக வரப்போவதில்லை.

என்ன செய்யலாம்? முன்னால் போகும் ஒரு கம்பெனிக்கு மட்டும் ஊற்றலாம். இருப்பதை வைத்துக் கிளம்பி, வழியில் ஓரிடத்தில் நிறுத்தி ஊற்றலாம். இரண்டுமே சுமாரான யோசனைகள்.

ஆனால் 18:00 மணிக்கே எஸ்3 தன் உதவியாளரிடம் "எதிரி பின்வாங்கினா முன்னாடியே போயிடலாமா" என்று முணுமுணுத்திருப்பார். யாரும் உத்தரவு போடாத நேரம் அது. அந்த முணுமுணுப்பு எஸ்4 காதில் விழுந்திருந்தால், எஸ்பிஓவுக்கு ஒரு வரி போயிருக்கும்: "நிச்சயம் இல்லை, ஆனால் நாலு டேங்கரையும் நிரப்பி 15 கிலோமீட்டர் முன்னே கொண்டுவந்து வையுங்கள்." எஸ்4-இன் மேசை எஸ்3-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அடித்துச் சொல்வது இதற்காகத்தான்.

தேவைகளை எப்படி வகை பிரிக்கிறார்கள்?

பத்து வகுப்புகள். 1 சாப்பாடு, 2 உடுப்பும் தனிநபர் சாமான்களும், 3 எரிபொருளும் எண்ணெயும், 4 கட்டுமானம், தடுப்பு வேலிப் பொருட்கள், 5 வெடிமருந்து, 6 சோப்பு சிகரெட் மாதிரியான சொந்த உபயோகப் பொருட்கள், 7 டாங்கி, லாரி போன்ற முழு வண்டிகள், 8 மருந்து, 9 உதிரிபாகம், 10 ராணுவம் சாராத உதவித் திட்டங்களுக்கான பொருட்கள். "மூணு எவ்ளோ இருக்கு, அஞ்சு வந்துதா" என்றுதான் பேச்சு ஓடும்.

இவற்றில் திட்டம் போடுபவரை உண்மையில் தூங்கவிடாதவை 3, 5, 9. அதிலும் 9 மோசம். எவ்வளவு டீசல் தீரும் என்று கணக்கில் சொல்லலாம். எந்த வண்டியில் எந்த பாகம் உடையும் என்று யார் சொல்வது?

லாக்ஸ்டாட் அறிக்கை எதற்கு? அதை நம்பலாமா?

ஒவ்வொரு பட்டாலியனும் கையிருப்பு என்ன, அடுத்த 24, 48, 72 மணி நேரத்தில் என்ன தேவைப்படும் என்று குறித்த நேரத்தில் மேலே அனுப்பும் அறிக்கை லாக்ஸ்டாட்.

முழுதாக நம்ப முடியாது. பயந்த பட்டாலியன் எஸ்4 கையிருப்பைக் குறைத்து எழுதுவார், கொஞ்சம் கூடுதலாக வரட்டும் என்று. ரோஷமுள்ளவர் "எல்லாம் பச்சை" என்று எழுதுவார், தன் தளபதி முகம் சுளிக்கக் கூடாதென்று. மூன்றாவது ரகம் நேற்றைய தாளில் தேதியை மட்டும் மாற்றி அனுப்புபவர். எல்லா எண்ணும் நேற்றுப் போலவே இருந்தால் அங்கே ஒருவர் தூக்கத்தில் இருக்கிறார் என்று பொருள்.

பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் மட்டும் கேட்காதீர்கள். லிட்டரைக் கேளுங்கள். எத்தனை மணிக்கு எண்ணினார்கள் என்பதையும் கேளுங்கள். ஆறு மணி நேரம் பழைய சரியான எண்ணைவிட, இப்போதைய உத்தேச எண் பல சமயம் மேல்.

ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் யார் என்ன கொண்டுவர வேண்டும்?

லாக்சிங்க் என்று அழைக்கப்படும் கூட்டம் இது. பட்டாலியன் எஸ்4-கள், எஸ்பிஓ, பிரிகேட் எஸ்4, எஸ்1, மருத்துவ அதிகாரி ஆகியோர் வருவார்கள். எஸ்3 பக்கத்திலிருந்து ஒருவர் வராவிட்டால் கூட்டத்தைத் தள்ளிப்போடுங்கள் என்பேன். அவர் இல்லாமல் போடும் திட்டம் நேற்றைய சண்டைக்கான திட்டம்.

நேற்று எவ்வளவு தீர்ந்தது என்று ஒவ்வொருவராக வாசித்துக்கொண்டிருந்தால் ஒரு மணி நேரம் போய்விடும். அது அறிக்கையிலேயே இருக்கிறது. கூட்டம் என்பது அடுத்த மூன்று நாளுக்கானது. எந்த லாக்பேக், அதாவது பின்னாலிருந்து வரும் வழங்கல் வாகனத் தொகுதி, எத்தனை மணிக்கு எந்த ஒப்படைப்புப் புள்ளிக்கு வருகிறது, அங்கே கம்பெனியிலிருந்து யார் வந்து கூட்டிப்போவார், காலி டேங்கரும் பழுதான வண்டியும் எதில் திரும்புகின்றன, இவை முடிவாக வேண்டும். திரும்பும் பயணத்தை மறப்பவர்கள் அதிகம். முன்னே போன லாரி காலியாகத் திரும்பினால் அது பாதி வீண்.

எஸ்1-க்கும் எஸ்2-க்கும் இதில் என்ன வேலை?

எஸ்1-இடம் தலை எண்ணிக்கை இருக்கிறது. அதில் அடிக்கடி விழும் ஓட்டை, தற்காலிகமாக இணைக்கப்பட்ட பிரிவுகள். மதியம் ஒரு பொறியாளர் கம்பெனி பிரிகேடோடு வந்து சேரும். எஸ்3-க்கு மகிழ்ச்சி, பாலம் போட ஆள் வந்தாச்சு. அவர்கள் சாப்பாடும் டீசலும் கொண்டுவந்தார்களா, நம் கணக்கில் சேர்ந்தார்களா என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். இரவு நூறு பேர் தட்டோடு நிற்பார்கள். ஒரு பிரிவு இணைந்ததும் எஸ்1, எஸ்3, எஸ்4 மூவரின் தாளிலும் ஒரே நேரத்தில் அது ஏற வேண்டும்.

எஸ்2-இடம் எதிரியின் முன்வரிசையைப் பற்றி மட்டும் கேட்டால் போதாது. நம் கான்வாய் போகும் பின்பக்கப் பாதைக்கு என்ன ஆபத்து, மழை பெய்தால் எந்தத் தரைப்பாலம் மூழ்கும் என்பதும் அவர் மேசையில்தான் இருக்கும். பாலம் எவ்வளவு எடை தாங்கும் என்பதைப் பொறியாளரிடம் கேட்க வேண்டும்.

கேட்டால் அனுப்புவதா, கேட்காமலே அனுப்புவதா?

இரண்டும் உண்டு. சண்டையின் முதல் நாட்களில் யாருக்கும் கேட்க நேரமிருக்காது, தண்ணீர், குண்டு, டீசலைக் கணக்கின்படி தள்ளிவிட வேண்டியதுதான். உதிரிபாகத்தைக் கேட்ட பிறகே அனுப்புங்கள். தவறான பாகம் ஒரு லாரி நிறையப் போனால் அதைச் சுமந்துகொண்டே நகர வேண்டியிருக்கும்.

திட்டம் அடியோடு கவிழ்ந்த உதாரணம் உண்டா?

பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய 1982 ஃபாக்லாந்து போர். பிரிட்டனின் 3-வது கமாண்டோ பிரிகேட் அவசரமாகக் கிளம்பியது. கப்பல்களில் கிடைத்ததைக் கிடைத்த வரிசையில் ஏற்றினார்கள். கடைசியில் ஏற்றியதுதானே முதலில் இறங்கும்! முதலில் வேண்டியவை அடியில் மாட்டிக்கொண்டன. நடுக்கடலில் அசென்ஷன் தீவில் நிறுத்தி, சாமான்களை மாற்றி அடுக்க வேண்டியதாயிற்று.

மே 21-ல் சான் கார்லோஸில் இறங்கினார்கள். சாலை என்று சொல்லும்படி ஒன்றுமில்லாத சதுப்பு நிலம். அதனால் சினூக் என்ற பெரிய ஹெலிகாப்டர்களை நம்பியிருந்தார்கள். மே 25-ல் எக்சோசெட் ஏவுகணை அட்லாண்டிக் கன்வேயர் கப்பலைத் தாக்கியது. மூன்று சினூக்கும், வெசெக்ஸ் என்ற வேறு ரக ஹெலிகாப்டர்கள் ஆறும் கப்பலோடு போயின. வானில் பறந்துகொண்டிருந்த ஒரே ஒரு சினூக் தப்பியது.

அதற்குப் பிறகு அந்த பிரிகேடில் செலாவணி என்றால் ஹெலிகாப்டர் நேரம்தான். மிஞ்சியதைப் பீரங்கிகளுக்கும் குண்டுகளுக்கும் ஒதுக்கினால் ஆட்களைத் தூக்க ஒன்றுமில்லை. மே 27-ல் அந்த பிரிகேடின் 45 கமாண்டோ, 3-வது பாரா என்ற இரண்டு பட்டாலியன் அளவுப் படைகளும் முதுகில் மூட்டையோடு நடக்கத் தொடங்கினார்கள். ஜூன் 14-ல் போர் முடிந்தது. அந்த நடையைப் பலரும் வீரக் கதையாகச் சொல்வார்கள். வீரம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த நடை ஒரு முன்னுரிமை முடிவின் விளைவும்கூட: குண்டு பறக்கட்டும், ஆள் நடக்கட்டும்.

கணினி இருக்கும்போது இவ்வளவு பேச்சு எதற்கு?

கணினி கையிருப்பைக் காட்டும். எஸ்3 மனதில் என்ன ஓடுகிறது என்று காட்டாது. அதோடு, பின்பகுதிக்குத் தொடர்பு அறுந்தால் திரையில் தெரிவது பழைய எண். எஸ்6-இடம் மாற்றுவழி கேட்டுவையுங்கள், எதுவும் இல்லையென்றால் மோட்டார் சைக்கிளில் ஒரு ஆள்.

புதிதாக எஸ்4 ஆகிறவர் முதல் வாரத்தில் என்ன செய்யலாம்?

எஸ்பிஓவை அவர் இடத்துக்கே போய்ப் பாருங்கள், தொலைபேசியில் வேண்டாம். எத்தனை டேங்கர் என்று கேட்காதீர்கள், இன்று காலை எத்தனை கிளம்பின, எத்தனை ஓட்டுநர்கள் தூங்கி எழுந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். எக்ஸ்ஓவிடம் போய், உங்களுக்கும் எஸ்பிஓவுக்கும் முட்டிக்கொண்டால் யார் தீர்ப்புச் சொல்வார் என்பதை முன்கூட்டியே பேசிவையுங்கள்.

அப்புறம் ஒரு இரவு, டாங்கி கம்பெனி ஒன்றுக்கு டீசல் ஊற்றும் இடத்தில் கைக்கடிகாரத்தோடு போய் நில்லுங்கள். கையேடு சொல்லும் நேரத்தை மறந்துவிட்டு, முதல் குழாய் மாட்டியதிலிருந்து கடைசி டாங்கி நகரும் வரை எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை எஸ்3 பென்சிலை எடுக்கும்போது அந்த எண் உங்கள் பையில் இருக்கட்டும்.